கசிந்து போனதைக் கணக்கெடுத்த வின்ரத்தூர்க்காரர்

கடந்த மாசி மாதம் எனது கார் ஏற்றத்தில் ஏற மறுத்தது. 2 லீற்றர் டர்போ டீசல், 1,80,000 கிலோமீற்றர் ஓடிய வண்டி. சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஏற்றம் வந்து காலை அழுத்தினால், முன்னால் எங்கோ பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம். பின்னால் கறுப்புப் புகை. வேகம் மட்டும் கூடாது. கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கியது.

கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். காற்றழுத்தம் குறைவு என்று ஓர் எண் வந்தது. டர்போ பழுது, மாற்ற வேண்டும், கூலியோடு 3,000 பிராங்குக்கு மேல் வரும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். மகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் அது. கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தும் விட்டேன். ஏனோ, ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை, தெரிந்த தம்பி ஒருவரிடம் காட்டினேன். எங்கள் ஊர்ப் பெடியன், இங்கு மெக்கானிக் வேலையை முறையாகப் படித்தவர். அவர் டர்போவைத் தொடவே இல்லை. அதற்குள் போகும் குழாயைக் கழற்றி, வாயை ஒரு மூடியால் அடைத்து, காற்றடிக்கும் இயந்திரத்தால் மெதுவாகக் காற்றை ஏற்றினார். சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு பொருத்திலும் தெளித்தார். அடிப்பக்கத்தில் இருந்த இறப்பர்க் குழாயில் நுரை குபுகுபுவென்று பொங்கியது. விரல் நீளத்துக்கு ஒரு கிழியல். புதுக் குழாயும் இரண்டு கிளிப்புகளும் சேர்த்து 140 பிராங் முடிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் ஒரு செய்தி சொன்னார். இந்த டர்போவைக் கண்டுபிடித்தவர் நாங்கள் நிற்கும் இதே வின்ரத்தூர் நகரத்தவர் என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த நகரத்தில் வாழ்கிறேன். எனக்குத் தெரியாது. அதன் பிறகு தேடி வாசித்தேன். வாசித்தபோது, அந்த மனிதர் அடிப்படையில் ஒரு கணக்காளரைப் போலவே சிந்தித்தவர் என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சுல்சர் வீட்டுப் பிள்ளை

அல்பிரட் பியூஹி 1879ஆம் ஆண்டு ஆடி மாதம் 11ஆம் திகதி வின்ரத்தூரில் பிறந்தார். தந்தை ஜொஹான் பியூஹி, சுல்சர் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1834இல் தொடங்கப்பட்ட சுல்சர், அன்றைய வின்ரத்தூரின் அடுப்பும் உலையும். நீராவி இயந்திரம், கொதிகலன் எல்லாம் அங்கே வார்க்கப்பட்டன. 1871இல் தொடங்கப்பட்ட சுவிஸ் ரயில் எஞ்சின் தொழிற்சாலையும் இதே நகரத்தில்தான். பிள்ளைகள் சங்குச் சத்தம் கேட்டு நித்திரை விட்டெழும் ஊர்.

பியூஹி பிறந்த அதே 1879ஆம் ஆண்டில், ஒரு ஜேர்மன் மாணவன் செயன்முறைப் பயிற்சிக்காக சுல்சருக்கு வந்திருந்தான். அவன் பெயர் ருடோல்ப் டீசல். பின்னாளில் தன் பெயரையே ஓர் எஞ்சினுக்கும் ஓர் எண்ணெய்க்கும் கொடுத்தவன். 1893இல் டீசலோடு சுல்சர் ஒப்பந்தம் செய்தது. 1898இல் தனது முதல் டீசல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தது. அந்த ஆண்டில்தான் பியூஹிக்கு 19 வயது நிறைந்தது.

அடுத்த வருடம் அவர் சூரிச்சில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு இயந்திரவியல் படிக்கப் போனார். இன்று ஈ.ரி.எச். என்று எமது பிள்ளைகள் பலர் ஆசையோடு விண்ணப்பிக்கும் அதே கல்லூரி. 1903இல் பட்டம் பெற்றார். பின்னர் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்து அனுபவம் எடுத்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பியூஹி எம்மைப் போல் வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். தந்தைக்குப் பதவி இருந்தது. நாட்டில் அமைதி இருந்தது. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தது. அப்படிப்பட்டவருக்கே தன் எண்ணத்தை இரும்பில் காண இருபது வருடங்கள் எடுத்தன என்பதுதான் என்னை நிறுத்திய விடயம்.

வெப்பத்தின் ஐந்தொகை

டீசல் எஞ்சின் அந்நாட்களில் ஓர் அதிசயம். நீராவி இயந்திரத்தைவிடக் குறைந்த எரிபொருளில் கூடிய வேலை. எல்லோரும் அது செய்யும் வேலையைப் பார்த்து வியந்தார்கள். பியூஹியின் கண் அது வெளியே விடும் புகையின் மேல் விழுந்தது.

ஒரு கடையின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறோம். வருட முடிவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் பயனாகக் கையில் நிற்கிறது. இன்னொரு பங்கு குளிரூட்டும் தண்ணீரோடு போகிறது. மீதி ஒரு பெரிய பங்கு பின்கதவால் சூடாகவே வெளியேறுகிறது. எரிபொருளின் வெப்பத்தை எஞ்சின் செலவழிக்கும் விதம் ஏறக்குறைய இதுதான். பின்கதவால் போவது வெறும் குப்பை அல்ல. சூடும் அழுத்தமும் வேகமும் உள்ள வாயு. அது விலைமதிப்புள்ள சொத்து. ஆனால் எவரும் அதை ஏட்டில் பதியவில்லை.

அந்த வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம் என்று பியூஹி நினைத்தார். அந்தச் சக்கரத்தின் அச்சில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால், அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கூடக் காற்று போனால் கூட எரிபொருளை எரிக்கலாம். எஞ்சினின் அளவு கூடாது, வலு கூடும். அதுவும் வீணாய்ப் போன சக்தியால். 1905ஆம் ஆண்டு கார்த்திகை 16ஆம் திகதி, ஜேர்மன் பேரரசின் 204630ஆம் இலக்கக் காப்புரிமை இந்த எண்ணத்துக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26.

அந்த முதல் வரைபடத்தில் காற்றை அமுக்கும் பகுதி, எஞ்சின், புகையால் சுழலும் பகுதி மூன்றும் ஒரே தண்டில் கோர்க்கப்பட்டிருந்தன. இன்றைய டர்போவில் சக்கரங்கள் இரண்டும் தனி அச்சில், எஞ்சினின் தண்டோடு தொடர்பில்லாமல் சுழல்கின்றன. வடிவம் மாறினாலும் கருத்து மாறவில்லை. வெளியே போவதைக் கொண்டு உள்ளே வருவதைப் பெருக்குவதே அந்தக் கருத்து.

தாளில் சரி, தளத்தில் பிழை

1909 அளவில் பியூஹி சுவிசுக்குத் திரும்பி, சுல்சரில் டீசல் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். 1911இல் அங்கே டர்போவுக்கென ஒரு சோதனை நிலையம் இயங்கத் தொடங்கியது. 1915இல் ஒரு மாதிரி எஞ்சின் தயாரானது. உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு அது உதவும் என்பது ஒரு நோக்கம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் மூச்சு வாங்குகிறது. கீழே உள்ள அழுத்தத்தை மேலேயும் கொடுக்க முடிந்தால் விமானம் வலு இழக்காது.

ஆனால் அந்த மாதிரி நம்பி ஓட்டக்கூடியதாக அமையவில்லை. அனல்வாயுவில் நின்று பிடிக்கும் உலோகம் அந்நாட்களில் அரிது. காற்றை அமுக்கும் சக்கரங்களின் திறனும் குறைவு. புகையிலிருந்து பெறுவதைவிட இழப்பது அதிகமானால் வியாபாரம் நட்டம்தானே. அதே 1915இல் பியூஹி, பாடன் நகரில் இருந்த பிறவுன் பொவேரி நிறுவனத்தை அணுகினார். நீராவிச் சுழலிகளைச் செய்வதில் பெயர்பெற்ற நிறுவனம் அது. சேர்ந்து செய்வோம் என்ற அவரது கோரிக்கை அப்போது ஒப்பந்தமாக மாறவில்லை. அதற்கு மேலும் எட்டு வருடங்கள் எடுத்தன.

இடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் ஓகுஸ்த் ரத்தோ விமான எஞ்சின்களுக்கு டர்போ பொருத்தினார். அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர் 1918இல் ஒரு விமான எஞ்சினை 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஏற்றிச் சென்று, மெல்லிய காற்றிலும் டர்போ வலுவைக் காப்பாற்றுகிறது என்று காட்டினார். எண்ணத்தை முதலில் பதிந்தவர் வின்ரத்தூரில் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டிருக்க, மற்றவர்கள் அதை ஆகாயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் வேலையை விடவில்லை என்பது மட்டும் ஆண்டுகளின் வரிசையில் தெரிகிறது.

சக்கரத்தில் இல்லை, குழாயில்

1923இல் பிறவுன் பொவேரியோடு உடன்பாடு வந்தது. 1924ஆம் ஆண்டு ஆனி மாதம் பாடன் தொழிற்சாலையிலிருந்து கனரக எஞ்சினுக்கான முதல் டர்போ வெளியே வந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் வின்ரத்தூர் ரயில் எஞ்சின் தொழிற்சாலை. ஆனாலும் பெரும் வெற்றிக்கு இன்னொரு படி தேவைப்பட்டது. அதை 1925இல் பியூஹி எடுத்தார். எனக்கு இவருடைய வாழ்க்கையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அதுவரை வழக்கம், எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, ஒரே சீரான அழுத்தத்தில் சுழலிக்கு அனுப்புவது. ஆனால் எஞ்சின் புகையைச் சீராக விடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வால்வு திறக்கும்போது ஒரு முறை உந்தி விடுகிறது. அந்த உந்தலில் நிறையச் சக்தி உண்டு. பெரிய குழாய்க்குள் போனதும் அது விரிந்து கரைந்துவிடுகிறது. போதாததற்கு, ஒரு சிலிண்டரின் உந்தல் பக்கத்துச் சிலிண்டரின் வாயிலை அழுத்தி, அதன் மூச்சையும் கெடுக்கிறது.

பியூஹி குழாயை ஒடுக்கினார், குட்டையாக்கினார், பிரித்தார். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் கொடுக்காத சிலிண்டர்களை மட்டும் கூட்டாக இணைத்து, ஒவ்வொரு கூட்டுக்கும் தனி வழி கொடுத்தார். உந்தல் கரையாமல் சக்கரத்தில் போய் அடித்தது. இரண்டு உந்தல்களுக்கு நடுவே அழுத்தம் தாழும் கணத்தில், உள்வால்வையும் வெளிவால்வையும் சிறிது நேரம் சேர்த்துத் திறந்து வைத்தார். புதிய காற்று உள்ளே புகுந்து மிச்சப் புகையைக் கழுவித் தள்ளியது. சிலிண்டரும் குளிர்ந்தது.

இருபது வருடத் தடையை உடைத்ததில் நல்ல சக்கரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கதவைத் திறந்தது, இடையில் இருந்த குழாயைப் பற்றிய சிந்தனை. எனது காரில் பழுதாய் இருந்ததும் சக்கரம் அல்ல, குழாய்தான்.

துண்டிக்கப்பட்ட மண்ணுக்கு ஓடிய கப்பல்கள்

இந்த முறையில் ஒரு பத்துச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் வலு 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 43 வீத அதிகரிப்பு. அந்த எஞ்சின்கள் ஜேர்மன் போக்குவரத்து அமைச்சின் இரண்டு பயணிகள் கப்பல்களுக்குப் போயின. ஒன்றின் பெயர் புரொய்சன், மற்றது ஹன்சஸ்ரட் டான்சிக். இரண்டும் 1926இல் சேவைக்கு வந்தன.

அவை ஓடிய பாதையை வாசித்தபோது எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது, கிழக்குப் பிரஷ்யா என்ற பகுதி ஜேர்மனியின் மற்றப் பகுதியிலிருந்து தரைவழியில் பிரிந்துபோனது. இடையில் வேறு நாட்டின் நிலம். அங்குள்ளவர்கள் மற்றவர்களோடு தடையின்றித் தொடர்பு வைத்திருக்க 1920இல் ஒரு கடல்வழிச் சேவை தொடங்கப்பட்டது. அந்தச் சேவைக்காகவே இந்தக் கப்பல்கள் கட்டப்பட்டன.

எம்மில் யாருக்கு இது விளங்காது? 1990களின் பிற்பகுதியில் தரைப்பாதை பூட்டிக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்துச் சனம் காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே கப்பலில்தான் போய் வந்தது. 2006இல் முகமாலைப் பாதை மூடப்பட்ட பிறகும் அதே கதை. எனது அம்மா 1999இல் கொழும்புக்கு வந்தது அப்படித்தான். பெயர் கொடுத்து, அனுமதி எடுத்து, நாள்கணக்கில் காத்திருந்து, ஓர் இரவு முழுக்க வாந்தி எடுத்தபடி. திருகோணமலையில் இறங்கி எனக்கு எடுத்த தொலைபேசியில், கடலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

அந்த இரு ஜேர்மன் கப்பல்களின் முடிவும் போரில்தான். அடுத்த உலகப் போரில் கண்ணிவெடி வேலைக்குப் பயன்பட்ட அவை, 1941 ஆடி 9ஆம் திகதி சுவீடனின் ஓலாண்ட் தீவுக்கு அருகே, சுவீடன் விதைத்திருந்த கண்ணிவெடி வயலுக்குள் புகுந்து, மூன்றாவது கப்பல் ஒன்றோடு சேர்ந்து ஒரே நாளில் மூழ்கின.

கூட்டும் பிரிவும்

1926இல் பியூஹியின் பெயரிலேயே ஒரு கூட்டமைப்பு உருவானது. பிறவுன் பொவேரி டர்போக்களைச் செய்யும். வின்ரத்தூர் ரயில் எஞ்சின் தொழிற்சாலை எஞ்சின் பக்கத்தைப் பார்க்கும். பியூஹி தொழில்நுட்பத்தையும் வாடிக்கையாளர்களையும் கவனிப்பார். முக்கியமான சோதனைகளை, நீராவிச் சுழலிகளில் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் அவுரல் ஸ்டொடோலா நேரில் நடத்தி, 1928இல் முடிவுகளை எழுதி வெளியிட்டார். கணக்குக்கு ஒரு நல்ல கணக்காய்வாளரின் ஒப்பம் கிடைத்தது போல் அது. பல நாட்டு எஞ்சின் நிறுவனங்கள் உரிமம் வாங்கின.

கப்பலில் தொடங்கியது மின்நிலையங்களுக்கும் ரயில்களுக்கும் பரவியது. 1938இல் சுவிசின் சவுரர் நிறுவனம் லொறிக்கு டர்போ எஞ்சின் செய்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு டர்போ வந்தது அப்படித்தான்.

பியூஹி 1959 ஐப்பசி 27ஆம் திகதி, தான் பிறந்த அதே வின்ரத்தூரில் காலமானார். வயது 80. விற்பனைக்கு வந்த ஒரு டர்போ காரை அவர் காணவில்லை. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரொலே நிறுவனங்களின் டர்போ கார்கள் 1962இல்தான் வந்தன. 1970களில் போர்ஷேயும் சாப்பும் அதைப் பெயர்பெற வைத்தன. டீசல் காருக்கு டர்போ பொருத்தி மெர்சிடிஸ் விற்கத் தொடங்கியது 1978இல். இன்று வீதியில் போகும் டீசல் கார்களில் டர்போ இல்லாததைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

கசிவைப் பிடிக்கும் முறை

பியூஹியின் கருத்து முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. அமுக்கிய காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும் சக்கரம் எவ்வளவு பாடுபட்டாலும், வழியில் ஓட்டை இருந்தால் உழைப்பு வெளியே போகும். காற்று சக்கரத்தைக் கடந்து, இறப்பர்க் குழாய்களால், முன்னால் உள்ள இன்டர்கூலருக்குப் போய்க் குளிர்ந்து, திரும்பவும் குழாய்களால் எஞ்சினுக்கு வருகிறது. ஒவ்வொரு பொருத்தும் கசியக்கூடிய ஓர் இடம்.

கறுப்புப் புகை ஏன் வந்தது என்று அந்தத் தம்பி எனக்கு விளங்கப்படுத்தினார். நான் அதை எனது பாஷையில் மாற்றிக்கொண்டேன். உள்ளே வரும் காற்றை ஓர் உணரி டர்போவுக்கு முன்னாலேயே அளந்து ஏட்டில் பதிகிறது. டர்போவுக்குப் பின்னால் அது கசிகிறது. ஏட்டில் நூறு மூட்டை, களஞ்சியத்தில் எண்பது. ஏட்டை நம்பிய கணினி நூறுக்கு உரிய எண்ணெயைக் கொடுக்கிறது. எரியக் காற்று போதாத எண்ணெய் கரியாய் வெளியே போகிறது.

உங்கள் வண்டிக்கும் இப்படி வந்தால் கவனிக்க வேண்டியவை இவை. ஏற்றத்தில் வலுக்குறைவு, காலை அழுத்தும்போது மட்டும் சீறல், கறுப்புப் புகை, குழாய்ப் பொருத்துகளில் புதிய எண்ணெய்க் கசடு. கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. எஞ்சின் நிற்கும்போது கிழியல் உதடு மூடியது போல் மூடிவிடும். அழுத்தம் வந்தால்தான் வாய் திறக்கும். அதனால்தான் காற்றடித்துச் சோதிப்பது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போவுக்குள் போகும் குழாயை அடைத்து, அழுத்தமானியைப் பார்த்தபடி மெதுவாகக் காற்றை ஏற்ற வேண்டும். அரை பாரில் தொடங்கினால் போதும். அந்த வண்டி வழமையாகத் தாங்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நல்லாய் இருந்த சீல்களும் போய்விடும். அடைப்பு மூடி வெடித்துத் தெறிக்கலாம் என்பதால் அதற்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. பிறகு காது, பிறகு சவர்க்காரத் தண்ணீர். சில இடங்களில் புகை ஊதும் கருவியும் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் உட்பக்கம், எண்ணெய் ஊற்றும் வாயடியில், மெல்லிய இரைச்சல் கேட்கலாம். திறந்து நிற்கும் வால்வுகளாலும் பிஸ்டன் வளையங்களாலும் கொஞ்சம் போவது இயல்பு. அதைக் கசிவென்று எண்ணி மயங்கக் கூடாது. புதுக் குழாய் போடும்போது பொருத்தும் இடத்தில் உள்ள எண்ணெயை நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தில் வழுக்கிக் கழன்றுவிடும்.

டர்போவே பழுதாவதும் உண்டு. ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும். பரீட்சை மீதி சமப்படவில்லை என்றால் நாங்கள் புதுப் பேரேடு வாங்குவதில்லை. ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிப் போய், தொகை எங்கே விடுபட்டது என்று பார்க்கிறோம். இதுவும் அதே வேலைதான்.

எனது பழைய கார்

இதை எழுதும்போது இன்னொரு கார் நினைவுக்கு வருகிறது. 2003இல், உணவகச் சமையலறையில் இரவு வேலை செய்த காலத்தில், நான் முதன்முதலாக வாங்கிய டர்போ டீசல். அதே சீறல், அதே புகை. டர்போ போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். விசாரிக்கவில்லை. 400 பிராங்குக்கு ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு குளிர்காலம் நள்ளிரவில் நடந்து வந்தேன். அதிலும் போனது ஒரு குழாயாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

அந்தக் காலத்தில் நான் விசாரிக்காமல் கைவிட்டது அதை மட்டுமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வணிகமாணிப் பட்டச் சான்றிதழை ஓர் அலுவலகத்தில் காட்டியபோது, இது இங்கு செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். படித்ததெல்லாம் பழுதென்று முடிவுகட்டி, அதைப் பெட்டிக்குள் வைத்து 11 வருடங்கள் பாத்திரம் கழுவினேன். பட்டத்தில் பிழை இல்லை, இந்த நாட்டு வரிச்சட்டமும் கணக்கியல் முறையும் படிக்கும் ஒரு மாலை நேரப் பயிற்சிதான் இடையில் குறைகிறது என்று ஒரு சக வேலைக்காரி, ஒரு சேர்பிய அக்கா, சொன்னபோது எனக்கு வயது 37. இரண்டு வருடத்தில் முடித்தேன். இன்று எம்மவர் கடைகள் பலவற்றின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். போன 11 வருடங்களை எந்த ஏட்டிலும் வரவு வைக்க முடியாது.

ஆகையால் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவோ அம்மாவோ, புதிதாக வந்த உறவினர் ஒருவரோ, தனக்கு ஒன்றும் சரிவராது என்று சொன்னால், அந்த முடிவை அப்படியே ஏற்காதீர்கள். எந்த இடத்தில் கசிகிறது என்று அவரோடு கூட இருந்து பாருங்கள். எல்லாப் பழுதும் குழாயில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதலில் அங்கே பார்க்கச் செலவு குறைவு.

வின்ரத்தூர் நிலையத்துக்குப் பின்னால் சுல்சரின் பழைய வளாகம் இன்று குடியிருப்பும் கல்லூரியும் கடைகளுமாக இருக்கிறது. போன சனிக்கிழமை மகளோடு அங்கே போயிருந்தேன். பழைய செங்கற் கட்டடங்களைக் காட்டி, இங்கேதான் ஒருவர் போகிற புகையைக் கணக்குப் பார்த்தபடி வருடக்கணக்கில் நின்றார் என்று சொன்னேன். அவள் கேட்டாள், பிறகு சரிவந்ததா என்று. வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் கார் சத்தமில்லாமல் ஏறியது. அதைக் கேள் என்றேன்.